அரசியல் அறிவியல் பட்டம், கல்விக் கடன், முதல் சம்பளம்: ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ சேவை பற்றிய மதிப்பீடு

அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்ற இணையச் சேவை, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தைப் படித்தால் எவ்வளவு கடனோடு வெளியே வருவார்கள், வந்த பிறகு எவ்வளவு சம்பாதிப்பார்கள் என்ற இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, மின்னஞ்சல் முகவரி கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டிய தேவையும் இல்லை. நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கணினித் துறையில் இருக்கும் அவளுடைய பெற்றோரோ வாங்கும் கடனுக்கு ஏற்ற சம்பளம் வருமா என்று கவலைப்படுகிறார்கள். அந்த ஒரு கேள்வியை முன்வைத்தே இந்தச் சேவையைச் சோதித்துப் பார்த்தேன். அரசியல் அறிவியல் படிக்கலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு இது விடை சொல்லாது என்பது என் முடிவு. அதை எந்தக் கல்லூரியில், யார் பெயரில் வாங்கும் பணத்தில் படிப்பது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல துணை இலவசமாகக் கிடைப்பது அரிது. ஆனால் திரையில் தெரியும் எண்கள் யாரைக் கணக்கில் எடுத்து உருவானவை என்று அறியாமல் பார்த்தால், நல்ல துணையே தவறான வழியையும் காட்டிவிடும்.

சேவையின் வரலாற்றை அறிந்தால் அதன் குறைகளின் காரணமும் விளங்கும். 2013-இல் இது கல்லூரிச் செலவைக் காட்டும் எளிய பக்கமாகத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபர் ஒபாமா, எல்லாக் கல்லூரிகளையும் அரசே தரப்படுத்தும் திட்டம் ஒன்றை அறிவித்தார். கல்லூரிகளின் எதிர்ப்புக்குப் பிறகு தரப்படுத்தும் எண்ணம் கைவிடப்பட்டு, 2015 செப்டம்பரில் வெறும் தரவுகள் மட்டும் வெளியிடப்பட்டன. பட்டதாரிகளின் வருமானம் வருமான வரிப் பதிவுகளிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. அப்போது கல்லூரிக்கு ஓர் எண்தான் இருந்தது. பொறியியலும் அரசியல் அறிவியலும் நாடகமும் ஒரே எண்ணுக்குள் அடங்கின. பாடவாரியான கடனும் வருமானமும் 2019-இல்தான் வந்தன. ஆகவே கல்லூரிப் பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் தெரியும் வருமானத்தை அரசியல் அறிவியல் மாணவர் பொருட்படுத்த வேண்டியதில்லை. அது கல்லூரியில் சேர்ந்து பத்தாண்டு ஆனவர்களின் வருமானம். எல்லாப் பாடங்களுக்கும் பொதுவானது. படிப்பை முடிக்காமல் பாதியில் போனவர்களும் அதில் உண்டு.

நாம் பார்க்க வேண்டியது பாடங்களைத் தேடும் பகுதியை. அங்கே ‘பொலிட்டிக்கல் சயின்ஸ் அண்ட் கவர்ன்மென்ட்’ என்ற பிரிவையும் இளங்கலைப் பட்டத்தையும் தேர்ந்தெடுத்தால் கல்லூரிகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வருமான எண்ணும் ஒரு கடன் எண்ணும் இருக்கும். இரண்டும் சராசரி அல்ல, இடைநிலை அளவுகள். அனைவரையும் ஏறுவரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய தொகை. ஹார்வர்டிலும் கார்னெலிலும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலும் இத்துறைக்கு ‘கவர்ன்மென்ட்’ என்று பெயர், பிரின்ஸ்டனில் ‘பாலிடிக்ஸ்’. பெயர் எதுவானாலும் அரசின் பாடக் குறியீடு ஒன்றுதான் என்பதால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. பன்னாட்டு உறவுகளுக்கும் பொதுக் கொள்கைக்கும் தனிக் குறியீடுகள் உண்டு. மாணவி எதைச் சேரப்போகிறாள் என்று தெளிவாகத் தெரியாத நிலையில் மூன்றையும் பார்ப்பது நல்லது. சிறிய கல்லூரிகளில் பல கட்டங்கள் வெறுமையாக இருக்கும். மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் தனிநபர் விவரம் வெளிப்பட்டுவிடும் என்று அந்த எண்களை மறைத்துவிடுகிறார்கள். அரசியல் அறிவியலில் பெயர் பெற்ற சில சிறிய கலைக் கல்லூரிகளை ஒப்பிட நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும்.

முதலில் கடன் எண்ணை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். கல்லூரி கல்லூரியாகப் பார்த்துக்கொண்டே போனால், ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் டாலர் கட்டணம் வாங்கும் மாநிலப் பல்கலைக்கழகமும் அறுபதாயிரம் வாங்கும் தனியார் கல்லூரியும் கடன் விஷயத்தில் அவ்வளவாக வேறுபடவில்லை என்பது வியப்பாக இருக்கும். தனியார் கல்லூரி தாராளமாக உதவித்தொகை தருகிறது என்று எண்ணத் தோன்றும். சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் பெரும்பாலான இடங்களில் காரணம் வேறு. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் ஒருவர் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடனுக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது: முதலாண்டில் 5,500 டாலர், இரண்டாம் ஆண்டில் 6,500, மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் தலா 7,500. நான்காண்டில் முடித்தால் மொத்தம் 27,000. கூடுதல் காலம் பிடித்தாலும் 31,000-ஐத் தாண்ட முடியாது. கல்லூரிச் செலவு எவ்வளவு உயர்ந்தாலும் மாணவரின் கடன் அந்த வரம்பில் முட்டி நின்றுவிடும். ஸ்கோர்கார்டு காட்டும் கடன் எண் இந்த மத்திய அரசுக் கடன் மட்டுமே. அதுவும் கடன் வாங்கிப் பட்டம் முடித்தவர்களின் இடைநிலை. கடனே வாங்காதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை, வங்கிகள் தரும் தனியார் கடனும் இல்லை.

அப்படியானால் மிச்சப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பெற்றோரின் தலையில்தான் விழுகிறது. ‘பேரண்ட் பிளஸ்’ என்ற பெயரில் மத்திய அரசே பெற்றோருக்குக் கொடுக்கும் கடன் ஒன்று உண்டு. 2025-26 கல்வியாண்டில் மாணவரின் இளங்கலைக் கடனுக்கு வட்டி 6.39 விழுக்காடு, பெற்றோரின் கடனுக்கு 8.94 விழுக்காடு. இதுபோக, கடன் கைக்கு வரும்போதே 4.228 விழுக்காடு கட்டணமாகப் பிடிக்கப்படும். 20,000 டாலர் வாங்கினால் ஏறத்தாழ 846 டாலர் கண்ணில் படாமலே போய்விடும், ஆனால் வட்டி முழு இருபதாயிரத்துக்கும் ஓடும். முன்பு இந்தக் கடனைப் படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்கலாம் என்றிருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு விதித்திருக்கிறது. ஸ்கோர்கார்டு பெற்றோர் கடனை மாணவர் கடனோடு கூட்டிக் காட்டுவதில்லை. தனியாகத் தேடித்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுதான். மாணவர் கடன் என்ற எண் எல்லாக் கல்லூரிகளையும் ஒரே மாதிரிக் காட்டும்போது, கல்லூரிக்குக் கல்லூரி உண்மையான வித்தியாசம் தெரியும் எண்ணை இரண்டாம் இடத்தில் வைத்திருப்பது எனக்குப் புரியவில்லை. இரண்டையும் கூட்டி ஒரு குடும்பத்தின் மொத்தச் சுமை இவ்வளவு என்று காட்டியிருந்தால், நம்மவர்கள் பலருடைய முடிவு மாறியிருக்கும்.

அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு விதி உண்டு: மொத்தக் கல்விக் கடன், வேலைக்குச் சேர்ந்த முதலாண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஸ்கோர்கார்டின் இரு எண்களையும் வைத்து இந்த விதியைப் பொருத்திப் பார்த்தால், அரசியல் அறிவியல் பட்டம் ஏறத்தாழ எல்லாப் பெரிய கல்லூரிகளிலும் தேறிவிடும். கடன் 27,000-இலோ அதற்குக் கீழோ நிற்கும்போது தேறாமல் போவதுதான் கடினம். என் அக்கா மகளும் இதைத்தான் பிடித்துக்கொண்டாள். “மாமா, சம்பளம் வராதுன்னு அம்மா சொல்றாங்க, ஆனா இதுல கடனைவிட சம்பளம் ஜாஸ்தியாத்தானே இருக்கு?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. அவள் பெயரில் உள்ள கடனை மட்டும் பார்த்தால் கணக்கும் சரிதான். அதோடு அப்பா, அம்மா பெயரில் 65,000 சேர்ந்தால் குடும்பத்தின் கடன் 92,000 ஆகிவிடும். அரசியல் அறிவியல் பட்டதாரியின் முதல் சம்பளத்தோடு அதை ஒப்பிட்டால் விதி இரண்டு மடங்கு மீறப்பட்டிருக்கும்.

அந்த முதல் சம்பளம் எவ்வளவு? வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பது, தொகுதி மக்களின் கடிதங்களுக்குப் பதில் தயாரிப்பது, பார்வையாளர்களைக் கட்டடம் சுற்றிக் காட்டுவது என்று தொடங்கும் உதவியாளர் வேலைதான் இந்தப் படிப்பு படித்த பிள்ளைகள் பலர் கனவு காணும் முதல் படி. 2022 செப்டம்பர் முதல் பிரதிநிதிகள் சபையின் ஊழியர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 45,000 டாலர் என்று விதி வந்தது. அதற்கு முன் அப்படியொரு குறைந்தபட்ச வரம்பும் இல்லை. தனியாளாக இருக்கும் ஒருவருக்கு 45,000-இல் வரிகள் போக மாதம் 3,000 டாலரை ஒட்டிக் கையில் நிற்கும். வாஷிங்டனில் நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கே ஆயிரம் டாலருக்குக் குறையாமல் போய்விடும். 27,000 டாலர் கடனை 6.39 விழுக்காடு வட்டியில் பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை 305 டாலர். கையில் வரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு. நெருக்கடிதான், ஆனால் தாங்கக்கூடியது. பெற்றோர் 65,000 டாலரை 8.94 விழுக்காட்டில் வாங்கியிருந்தால் அவர்களுடைய தவணை மாதம் 820 டாலரைத் தாண்டும். அதை மகளால் கட்ட முடியாது. ஐம்பது வயதைக் கடந்த பெற்றோர்தான், ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் போக வேண்டிய பணத்திலிருந்து கட்டுவார்கள்.

ஸ்கோர்கார்டு மாதத் தவணையையும் காட்டுகிறது, பத்தாண்டில் சமமாக அடைப்பதாக வைத்து. குறைந்த சம்பளத்தில் தொடங்கும் அரசியல் அறிவியல் பட்டதாரிக்கு அது பொருந்தாமல் போகலாம். வருமானத்துக்கு ஏற்பத் தவணை கட்ட 2026 ஜூலை முதல் வரும் புதிய திட்டத்தில், வருமானம் 40,000-க்கு மேல் 50,000 வரை என்றால் அதில் நான்கு விழுக்காடுதான் ஆண்டுத் தவணை. 45,000 சம்பளக்காரருக்கு அது மாதம் 150 டாலர், பத்தாண்டுத் தவணையில் பாதி. ஆனால் அடைக்கும் காலம் நீளும், முப்பதாண்டு வரைகூட. அரசு அலுவலகத்திலோ இலாப நோக்கற்ற அமைப்பிலோ முழுநேரம் பணியாற்றி 120 தவணை கட்டியவருக்கு மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் 2007 முதல் சட்டத்தில் இருக்கிறது. பொதுப்பணியை நோக்கிப் போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மகள் அரசு வேலை பார்த்தால் மகளின் கடன்தான் தள்ளுபடியாகும், பெற்றோர் பெயரில் உள்ள கடனுக்குப் பெற்றோர் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதுதான் கணக்கு. மகளின் பொதுநலத்தைப் பார்த்து அப்பாவின் கடனை யாரும் குறைக்க மாட்டார்கள். இவை எதையும் ஸ்கோர்கார்டின் எண்கள் சொல்வதில்லை, சொல்லும்படி அது வடிவமைக்கப்படவும் இல்லை. அதைக் குறையாகச் சொல்வது நியாயமல்ல என்றாலும், அந்தத் தவணைத் தொகையை இறுதி உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வருமான எண்ணுக்கு வருவோம். பாடவாரிக் கணக்கில் முதலில் பட்டம் பெற்று ஓராண்டு கழித்த வருமானம் மட்டும் இருந்தது. பின்னர் நான்காண்டு, ஐந்தாண்டுக் கணக்குகளும் சேர்ந்தன. அரசியல் அறிவியலைப் பொறுத்தவரை ஓராண்டுக் கணக்கைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அந்த ஆண்டில் இந்தப் பட்டதாரிகள் செய்யும் வேலைகள் பல, இயல்பிலேயே தற்காலிகமானவை. தேர்தல் பிரச்சாரத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தவருக்கு நவம்பரில் வாக்குப்பதிவு முடிந்த கையோடு வேலையும் முடிந்துவிடும். அமெரிக்கார்ப்ஸ் போன்ற சேவைத் திட்டங்களில் கிடைப்பது சம்பளம் அல்ல, வாழ்க்கைப்படி மட்டுமே. சட்டக் கல்லூரிக்குப் போகும் முன் ஓரிரண்டு ஆண்டு வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவியாளராக இருப்பவர்களும் உண்டு. செவிலியர் பட்டதாரியின் முதலாண்டுச் சம்பளம் அவருடைய தொழில் வாழ்க்கையின் தொடக்கத்தைச் சரியாகவே காட்டும். அரசியல் அறிவியல் பட்டதாரியின் முதலாண்டோ தொழில் இன்னதென்று முடிவாகாத காலம்.

யார் கணக்கில் இல்லை என்பது இன்னும் முக்கியம். அந்த ஆண்டில் மேற்படிப்பில் சேர்ந்திருப்பவர்களை வருமானக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிப்போர் இளங்கலையில் அதிகம் படித்திருக்கும் பாடம் அரசியல் அறிவியல்தான். அமெரிக்காவில் இந்தப் பட்டம் பெற்றவர்களில் பாதியை ஒட்டிய பங்கினர் பின்னாளில் ஏதாவதொரு மேற்பட்டமும் வாங்குகிறார்கள். ஆகவே நேராகச் சட்டம் படிக்கப் போன மாணவர்களை எடுத்துவிட்டு, மற்றவர்களின் வருமானத்தைத்தான் ஓராண்டு எண் காட்டுகிறது. அது பொய் என்று சொல்ல முடியாது. இளங்கலையோடு நிறுத்திக்கொண்டு உடனே வேலைக்குப் போக நினைப்பவருக்கு அதுவே சரியான எண். சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு மட்டும் அது தொடர்பற்றது.

சட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கு வேறு வரிசையைத் திறக்க வேண்டும். ஸ்கோர்கார்டில் சட்டப் பட்டம் தனிப் பாடமாக இருக்கிறது; அரசியல் அறிவியல் வரிசையோடு அதை யாரும் இணைத்துக் காட்டுவதில்லை. அங்கே கடன் எண் இளங்கலை வரம்பால் கட்டுப்பட்டதல்ல, எனவே உண்மையை ஓரளவு நேர்மையாகச் சொல்கிறது. 2026 ஜூலை முதல் சட்ட மாணவர்கள் மத்திய அரசிடம் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 200,000 வரை மட்டுமே வாங்க முடியும். செலவு முழுவதற்கும் கிடைத்துவந்த ‘கிராட் பிளஸ்’ கடன் புதியவர்களுக்கு நிறுத்தப்படுகிறது. முன்னணித் தனியார் சட்டக் கல்லூரிகளின் கட்டணம் மட்டுமே அந்த ஆண்டு வரம்பைத் தாண்டிவிடுவதால், மீதிக்கு வங்கியைத்தான் நாட வேண்டியிருக்கும். வருமானப் பக்கத்தில் இடைநிலை அளவு இங்கே அவ்வளவாகப் பயன்படாது. பெரும் சட்ட நிறுவனங்கள் முதலாண்டு வழக்கறிஞருக்கு 225,000 டாலர் கொடுக்கின்றன. அரசு சார்பில் ஏழைகளுக்காக வாதாடுபவருக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்குதான். ஒரு குவியல் மேலே, ஒரு குவியல் கீழே, நடுவில் ஆள் குறைவு. நடுவில் நிற்பவரின் சம்பளம் என்று ஓர் எண்ணைக் காட்டினால், அந்தச் சம்பளம் வாங்குபவர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

இனி, அமெரிக்காவில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். ஸ்கோர்கார்டின் கடன், வருமானக் கணக்குகள் இரண்டும் மத்திய அரசின் கல்வி உதவியோ கடனோ பெற்ற மாணவர்களை மட்டுமே கொண்டவை. பெற்றோர் இருவரும் கணினித் துறையில் இருந்து, சேமிப்பிலிருந்தே கட்டணம் கட்டிப் படித்த பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவி பெறும் தகுதியே கிடையாது, அவர்களும் இல்லை. அதாவது எடிசனிலும் ஃப்ரீமான்ட்டிலும் வளரும் நம் பிள்ளைகளைப் போன்றவர்கள் பலர் அந்த எண்களுக்கு வெளியே நிற்கிறார்கள். இதற்குக் காரணம் கல்வித் துறையின் சோம்பல் அல்ல. மாணவர் ஒவ்வொருவரையும் பின்தொடரும் மத்தியப் பதிவேடு உருவாக்கக் கூடாது என்று 2008-இல் திருத்தப்பட்ட உயர்கல்விச் சட்டமே தடுக்கிறது. அந்தத் தடையை நீக்கும் மசோதா பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. தகவலை வைத்திருப்பது உதவி பெற்றவர்களைப் பற்றி மட்டும் என்பதால், கணக்கும் அவர்களோடு நிற்கிறது.

ஹெச்-4 பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, அதை எந்தத் தளமும் காட்டாது. மத்திய அரசு வேலைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் இந்தியக் குடும்பத்துப் பிள்ளை இருபத்தொரு வயதில் பெற்றோரின் விசாவிலிருந்து வெளியேறி வேறு விசா தேட வேண்டியிருக்கும். மென்பொருள் படித்தவருக்கு அந்தத் தேடலில் ஓரளவு வழி இருக்கிறது. ஆனால் அரசியல் அறிவியல் பட்டம் திறக்கக்கூடிய கதவுகளில் பல அவருக்குப் பூட்டியே இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஸ்கோர்கார்டின் வருமான எண்ணைக் காட்டி ஆறுதல் சொல்வது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. குடியுரிமை உள்ளவர்களுக்கும் இப்போது காற்று எதிர்ப்பக்கம்தான்: 2025 ஜனவரி 20 அன்று மத்திய அரசு புதிய ஆள்சேர்ப்பை நிறுத்தி வைத்தது. திரையில் தெரியும் வருமானங்கள் அதற்கு முன் பட்டம் பெற்றவர்களுடையவை.

செலவுப் பக்கத்திலும் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உள்ளன. குடும்ப வருமானத்தை வைத்து நிகரச் செலவை, அதாவது உதவித்தொகை போகக் குடும்பம் கட்ட வேண்டிய தொகையை, காட்டும் பட்டியலில் கடைசிப் படி 110,001 டாலரும் அதற்கு மேலும். ஆண்டுக்கு 120,000 சம்பாதிக்கும் குடும்பமும் நான்கு இலட்சம் சம்பாதிக்கும் குடும்பமும் ஒரே படியில் நிற்கின்றன. முதலாமவருக்கு உதவித்தொகை கிடைக்கலாம், இரண்டாமவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது, ஆனால் இருவருக்கும் ஒரே எண். அடுத்து, அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் காட்டப்படும் நிகரச் செலவு அந்த மாநிலத்தவருக்கானது. நியூ ஜெர்சிப் பெண் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எண்ணைப் பார்த்து, தன் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸை விட அதிகம் வித்தியாசமில்லையே என்று எண்ணினால், அனுமதிக் கடிதத்தோடு வரும் கட்டண விவரம் கையைக் கடிக்கும். இதற்கு மாற்று, கல்லூரிகள் ஒவ்வொன்றும் தங்கள் தளத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2011 முதல் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் நிகரச் செலவுக் கணிப்பான். குடும்ப வருமானம், சொத்து, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கொடுத்தால் ஓரளவு நெருங்கிய தொகை வரும். ஸ்கோர்கார்டிலிருந்தே அதற்கு இணைப்பும் இருக்கிறது. அதைச் சொடுக்காமல் யாரும் திரும்ப வேண்டாம்.

போட்டிச் சேவை ஏதும் இருக்கிறதா என்றால், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வெளியிடும் ‘பி.எஸ்.இ.ஓ எக்ஸ்ப்ளோரர்’ குறிப்பிடத் தக்கது. அது உதவி பெற்றவர், பெறாதவர் என்று பிரிப்பதில்லை. பங்கேற்கும் கல்லூரிகளின் பட்டதாரிகளை வேலைப் பதிவுகளோடு பொருத்தி, ஓராண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு வருமானங்களைத் தருகிறது. நடுவில் நிற்பவரோடு கீழ்க் கால்பகுதி, மேல் கால்பகுதி எல்லைகளில் நிற்பவர்களின் தொகையும் கிடைக்கிறது. அரசியல் அறிவியல் போன்று விரிந்த வேலைவாய்ப்புள்ள பாடத்துக்கு இந்த மூன்று எண்களும் பத்தாண்டு நீளமும் மிகவும் தேவையானவை. முதலாண்டில் பின்தங்கி நிற்கும் வரிசை பத்தாவது ஆண்டில் எங்கே நிற்கிறது என்பதையும், கீழ்க் கால்பகுதியினர் அங்கேயே தேங்கி நிற்கிறார்களா என்பதையும் அங்கேதான் பார்க்க முடியும். ஆனால் எல்லாக் கல்லூரிகளும் அதில் இல்லை, கடன் விவரமும் இல்லை. ஆண்டில் பெரும்பகுதி வேலை செய்யாதவர்களை விட்டுவிடுவதால் எண்கள் சற்று அழகாகத் தெரியும். டெக்சாஸில் படிக்க நினைப்பவர்களுக்கு, டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பு நடத்தும் ‘சீக்யூடி’ என்ற இணையச் சேவை கடனையும் சேர்த்தே காட்டுகிறது. இவற்றோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ எல்லாக் கல்லூரிகளையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவதுதான் ஸ்கோர்கார்டின் பலம்.

அந்தப் பலம் நீடிக்குமா என்பது இன்னொரு கவலை. 2025 மார்ச்சில் கல்வித் துறையின் ஊழியர் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டபோது, கல்லூரிகளிடமிருந்து தரவு திரட்டும் கல்விப் புள்ளிவிவர மையத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களே மிஞ்சினார்கள். விந்தை என்னவென்றால், அதே ஆண்டு வந்த சட்டம் இந்த வகைத் தரவை முன்பைவிட முக்கியமாக்கிவிட்டது: பட்டம் பெற்று நான்காண்டு ஆனவர்களின் இடைநிலை வருமானம், பள்ளிப்படிப்போடு நிறுத்திய இளைஞர்களின் வருமானத்தைவிட மூன்றாண்டில் இரண்டு முறை குறைந்தால், அந்தப் பாடத்துக்கு மத்திய அரசுக் கடன் நிறுத்தப்படும். அரசியல் அறிவியல் இளங்கலை அந்தத் தாழ்வான தடையைப் பொதுவாகத் தாண்டிவிடும். தாண்டிவிட்டது என்பதை அக்கா வீட்டில் யாரும் பெரிய சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இந்தச் சேவையை நான் பரிந்துரைக்கும் முறை இதுதான். பாடத்தோடு பாடத்தை ஒப்பிட இதைப் பயன்படுத்த வேண்டாம்; கணினி அறிவியலின் முதலாண்டுச் சம்பளத்தை அரசியல் அறிவியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளையை வாயடைக்கச் செய்வது எளிது, ஆனால் அதனால் ஒன்றும் தெரியவராது. ஒரே பாடத்தைக் கல்லூரிக்குக் கல்லூரி ஒப்பிடுங்கள். பிள்ளைக்கு இடம் கிடைக்கக்கூடிய சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் வருமானத்தை ஒரு பக்கமும், அவள் ஆசைப்படும் தனியார் கல்லூரியின் அதே பாட வருமானத்தை மறுபக்கமும் வைத்து, நான்காண்டு அல்லது ஐந்தாண்டு எண்களில் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். மாணவர் கடன் எண்ணை ஒதுக்கிவிட்டு, இரு கல்லூரிகளின் பெற்றோர் கடனையும் தேடிப் பாருங்கள். பிறகு கணிப்பானில் வந்த நிகரச் செலவை நான்கால் பெருக்குங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்தபோது, தனியார் கல்லூரி கொண்டுவரும் கூடுதல் வருமானம் பெற்றோர் கடனின் வட்டியைக்கூட ஈடுசெய்யாது என்று தெரிந்தது. அரசியல் அறிவியல் என்ற தேர்வில் அவள் மாறவில்லை, மாற வேண்டிய காரணமும் அந்த எண்களில் இல்லை. விண்ணப்பப் பட்டியலில் ரட்கர்ஸ் மேலே போயிருக்கிறது. தனியார் கல்லூரி என்ன உதவித்தொகை தருகிறதென்று கடிதம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவும் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.